மெர்லோவுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளுக்கு ஆள் "நானும் நிண்டனான்" என்று வரக்கூடாது. நான். மன்னாரைச் சேர்ந்த மரியா அக்கா. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற புதுச்சேரிக்காரரான தபால் ஐயா. மணவறையில் மாலையும் கழுத்துமாக இரண்டு வைன் போத்தல்கள். அவற்றின் முன்னால், கையில் மஞ்சள் கயிற்றோடு பொருத்தம் அண்ணை. அவ்வளவுதான்.

பாரிஸ் நகரத்தில் திராட்சைக்குச் சாதகம் பார்த்த ஒரே மனிதர் பொருத்தம் அண்ணைதான். பிரான்ஸ் முழுவதிலும் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் நான் முழு பிரான்சையும் பார்த்ததில்லை. யாராவது மறுத்து எழுதினால் எனக்குத்தான் நித்திரை போகும்.

அவருடைய சொந்தப் பெயர், பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவருக்கும் தெரியாது. தொழில் கலியாணத் தரகு. எதைப் பார்த்தாலும் அதற்கு எது பொருந்தும் என்றுதான் அவருடைய மூளை ஓடும். சாப்பாட்டுக் கடையில் இடியப்பத்துக்குச் சொதி வைத்தால் "இது பொருத்தம்" என்பார். புட்டுக்குப் பொரித்த முட்டை வைத்தால் "இது இன்னும் பேச்சில இருக்கு" என்பார். கோடையிலும் ஒரே கபிலநிறக் கோட்டுத்தான். அதன் பைகள் நிறையச் சாதகக் கட்டுகள். நடந்து வரும்போது பேப்பர் சரசரக்கிற சத்தம் முதலில் வரும், அவர் பிறகு வருவார்.

ஒருமுறை மெற்றோவில் பரிசோதகர் ரிக்கெற் கேட்டார். அண்ணையிடம் ரிக்கெற் இருந்தது. ஆனால் எந்தப் பைக்குள், எந்தப் பெடியனின் சாதகத்துக்குள் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துத் தேடும்போதே பரிசோதகரின் பிறந்த நாள், பிறந்த ஊர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். "இந்த வருசம் உங்களுக்குக் காலம் சரியில்லை. ஆரோடையும் கொளுவப் போகாதையுங்கோ" என்று தன்னுடைய பிரெஞ்சில் புத்தியும் சொன்னார். பக்கத்தில் நின்ற என்னிடம் ரிக்கெற் கையிலேயே இருந்தது. ஆனாலும் வியர்த்துக் கொட்டியது எனக்குத்தான். பரிசோதகர் அபராதம் எழுதவில்லை. தன் தங்கைக்கு எப்போது கலியாணம் சரிவரும் என்று கேட்டார்.

நான் அவரிடம் போய் மாட்டிக்கொண்டது பிரஜாவுரிமை விஷயமாக.

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் பிரெஞ்சுப் பிரஜை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே பிறந்தவர்கள். மனைவிக்கு முதல் தடவையே கிடைத்துவிட்டது. விமான நிலையத்தில் அவர்கள் மூவரும் ஒரு வரிசையில் நின்று கதைத்துச் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மற்ற வரிசையில், அகதிகளுக்குக் கொடுக்கிற பயணப் பத்திரத்தைக் கையில் பிடித்தபடி, செய்யாத குற்றங்களையெல்லாம் ஞாபகப்படுத்திக்கொண்டு நிற்பேன். கடைசித் தடவை சின்னவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "இந்த முறை அப்பாவை விடுவார்களா?" என்று தாயிடம் பிரெஞ்சில் கேட்டாளாம். மனைவி அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதல் தடவை நான் நேர்முகத்துக்குப் போன கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனையோடு இருந்தாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். "பிரான்சில் ஓடும் ஒரு நதியின் பெயரைச் சொல்லுங்கள்" என்றார்கள். "மகாவலி" என்றேன், எங்கள் நாட்டு நதியை. இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

இரண்டாம் தடவைக்கான அழைப்பு வந்தபோது, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் நான் வேலை செய்கிற மரக்கறிக் கடையில், ஒரு முருங்கைக்காய்க் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்று முதலாளியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"இந்த முறையும் போச்சுதெண்டால் மூண்டாந்தரம் கேக்க எனக்குச் சீவன் இல்லை."

கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பொருத்தம் அண்ணை நிமிர்ந்தார்.

"உம்மட்டை என்ன காணும் கேட்டவை?"

"நதி, அண்ணை."

"நதியைத் தனியப் பாடமாக்கினால் மறந்துபோகும். அது ஆரைச் சேருது, சேர்ந்த பிறகு எங்கை போகுது எண்டு படிக்கோணும். திங்கக்கிழமை வாரும். நான் வகுப்பு வைக்கிறன்."

தரகுத் தொழில் அப்போது படுத்துக் கிடந்தது. "பிள்ளையள் தாங்களே பிடிச்சுக்கொண்டு வருகினம். தாய் தகப்பன் என்னட்டை வாறது பொருத்தம் பாக்க இல்லை, 'பொருந்துது எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ' எண்டு கெஞ்ச" என்பார். அதனால்தான் பிரஜாவுரிமை வகுப்பு.

ரூ பிலிப்-து-ஜிராரில் கலியாணச் சாமான்கள் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றின் பின்னறையில் அது நடந்தது. கதிரை கிடையாது. மாப்பிள்ளை, பொம்பிளை இருக்கிற பொன்னிறச் சிம்மாசனங்களில்தான் மாணவர்கள் இருக்க வேண்டும். நான் நுனியில் இருப்பேன். பட்டுத்துணியில் ஊத்தை பட்டால் யார் பதில் சொல்வது? பின்னால் ஒரு பிளாஸ்ரிக் யானை தும்பிக்கையைத் தூக்கியபடி நிற்கும். அது சரிந்தால் என் தலையில்தான் சரியும் என்பதை முதல் நாளே கணக்குப் பார்த்துவிட்டேன்.

மாணவர்கள் என்று பார்த்தால் நானும் மரியா அக்காவும்தான். அக்கா அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. எதற்கும் பயப்படாதவர். தபால் ஐயாவுக்குப் பிரஜாவுரிமை தேவையில்லை, அவர் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரர். வீட்டில் சண்டை பிடிக்க ஆளில்லாததால் வருவார்.

முதல் நாள் நாங்கள் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அரசர்கள், புரட்சி, சனாதிபதிகள் என்று காத்திருந்தோம். அண்ணை ஒரு வைன் போத்தலை எடுத்து நடுவில் வைத்தார்.

"ராசா செத்துப்போனான். புரட்சி முடிஞ்சுது. இண்டைக்கும் பிரெஞ்சுக்காரன் சாப்பாட்டு மேசையில இருந்து பேசுற சம்பந்தம் எது? இதுதான். இதைத் தெரிஞ்சவனை அவன் வெளியில விடமாட்டான்."

"அண்ணை, நான் பூசையில கூட வைன் எடுக்கிறேல்லை. சாமியார்தான் எடுக்கிறவர்" என்றார் மரியா அக்கா.

"குடிக்கச் சொல்லேல்லைப் பிள்ளை. குடும்பத்தை விசாரிச்சு வைச்சிரும் எண்டுறன்."

வைன் விளைகிற பகுதிகள் பிரான்சில் எத்தனையோ இருக்க, அவர் போர்தோவைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு திராட்சையோடு இன்னொரு திராட்சையைச் சேர்த்து வைன் செய்கிறார்கள். சேர்ப்பது என்றால் அவருக்கு வேறு அர்த்தம் தெரியாது.

மாப்பிள்ளைத் தலைப்பாகைத் துணிகள் இரண்டை நிலத்தில் நீளமாக விரித்தார். "இது கரோன் ஆறு. இது தொர்தோன் ஆறு. ரெண்டும் போர்தோவுக்கு அங்காலை சேருது. சேர்ந்த பிறகு இந்தப் பேரும் இல்லை, அந்தப் பேரும் இல்லை. ஜிரோந்து எண்டு புதுப் பேர். நேரா அத்திலாந்திக் கடலுக்குப் போகுது. கடலைப் பார்த்து நில்லும். உம்மட இடக்கைப் பக்கம் இடக்கரை, வலக்கைப் பக்கம் வலக்கரை."

"கடல் எந்தப் பக்கம், அண்ணை?"

"யானைப் பக்கம்."

எனக்கு இன்றைக்கும் அத்திலாந்திக் சமுத்திரம் யானைப் பக்கம்தான்.

"இடக்கரையில, மெதொக் பக்கம், சரளைக் கல்லு. பகலெல்லாம் வெயிலைக் குடிச்சுப்போட்டு இரவில சூட்டை விடும். தண்ணி நிக்காது. அந்தச் சூட்டிலதான் கபெர்னே சோவிஞ்ஞோன் பழுக்கும். அவர் மாப்பிளை. தோல் தடிப்பு. பிந்தித்தான் பழுப்பார். இளசில வாயில வைச்சால் நாவற்பழம் மாதிரிக் கயர்க்கும். பத்து வருசம் பொறுத்துப் பாத்தால் தங்கமான பெடியன். வலக்கரையில, சேன்-தெமிலியோன், பொம்ரோல் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும். குளிர்ச்சி. அங்கை மெர்லோ. அவ பொம்பிளை. மெல்லிசுத் தோல், உருண்டை முகம், முந்திப் பழுப்பா. ஒருத்தரோடையும் சண்டையில்லை."

"அதென்ன அண்ணை, ஆம்பிளை பத்து வருசம் பிந்தினாலும் தங்கம், பொம்பிளை எண்டால் முந்திப் பழுத்துப்போடோணும்?" என்று கேட்டார் மரியா அக்கா.

"அது மண் செய்யிற வேலைப் பிள்ளை. என்னைக் கோவிக்காதையும்."

மற்றத் திராட்சைகளுக்கும் வீட்டில் இடம் இருந்தது. கபெர்னே ஃபிரான் சபையில் முன்வரிசையில் இருக்கிற பெரிய மனிதர். லேசாக மிளகு வாசம், நல்ல மரியாதை. பெத்தி வெர்தோ, பந்தி முடிகிற நேரத்துக்கு வந்து ஒரே ஒரு பகிடியை விட்டுவிட்டுப் போகிற மாமன். கொஞ்சம் சேர்த்தால் கலகலப்பு, கூடினால் சபை குழம்பும். வெள்ளைத் திராட்சையில் செமியோனைத்தான் அவருக்கு அதிகம் பிடிக்கும். சொத்தேர்ன் என்ற இடத்தில் அதைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு, பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிய பிறகு பிழிகிறார்கள். தேன் மாதிரி இனிக்குமாம். "நாப்பது தாண்டின மாப்பிளையளுக்கு நான் இதைத்தான் சொல்லிக் குடுக்கிறனான். பூஞ்சணம் பிடிச்ச பிறகுதான் விலை கூடும், மனம் தளராதையும் எண்டு."

போத்தல் லேபலைப் பார்க்கும்போது அவருடைய கண் கலங்கிவிடும். "பிறந்த வருசத்தை நெத்தியிலயே அடிச்சு விட்டிருக்கிறான். என்ர கட்சிக்காரர் ஒருத்தர் எண்டாலும் இப்பிடி உண்மை சொல்லியிருக்கினமோ?" லேபலில் இருக்கிற மாளிகைப் படத்தை மட்டும் நம்பமாட்டார். "சத்தோ எண்டு போட்டால் கோட்டை எண்டு நினையாதையும். கனபேருக்குச் சாதாரண வீடுதான். எங்கட பெடியள் ஆற்றையோ காருக்கு முன்னால நிண்டு படம் எடுத்து அனுப்பிறேல்லையோ, அது மாதிரி." இடக்கரைத் தோட்டங்களில் பெயர் பெற்றவற்றை எந்தக் காலத்திலோ ஐந்து தரமாகப் பிரித்து வைத்தார்களாம். அதற்குப் பிறகு அதில் கை வைக்க யாருக்கும் மனமில்லையாம். "தோட்டம் கைமாறிப் போனாலும் தரம் மட்டும் மாறாது. இதை ஆர் கண்டுபிடிச்சது? எங்கட ஆக்கள் ஆரும் முந்தியே இஞ்சை வந்திருக்கினமோ?" என்று சந்தேகப்படுவார்.

சரித்திரமும் படிப்பித்தார். அந்தப் பக்கத்துச் சீமாட்டி ஒருத்தி பிரெஞ்சு ராசாவை விட்டுவிட்டு, பிறகு இங்கிலாந்துக்கு ராசாவாகப் போகிறவரைக் கலியாணம் செய்தாளாம். போர்தோ வைன் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது அந்தக் கலியாணத்தால்தானாம். "முழு போர்தோவும் சீதனம்! அந்தத் தரகன் எவ்வளவு வாங்கியிருப்பான்?" என்று அரைமணி நேரம் யோசித்தார்.

சுவை பார்த்ததும் ஒரு கதை. கிளாஸ் இல்லாததால் கடையில் இருந்த வெள்ளிச் செம்பில் வைனை ஊற்றி, எச்சில் படாமல் அண்ணாந்து வாயில் விட்டார். தபால் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னாய்யா அநியாயம் இது! கிளாஸ்ல ஊத்தி, சுத்தி, மோந்து பாத்து, அப்புறமாத்தான் குடிக்கணும்!"

அண்ணை பதில் சொல்ல வாயைத் திறந்தார். புரைக்கேறிவிட்டது. மூக்கால் சிவப்பாக வந்தது. நான் அவசர சேவை நம்பரை அழுத்துவதற்குள் துவாயால் துடைத்துவிட்டு, "மூக்கிலயும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இவ்வளவு படித்தும் எனக்கும் மரியா அக்காவுக்கும் கபெர்னே எந்தக் கரை, மெர்லோ எந்தக் கரை என்பது மாறி மாறித்தான் வந்தது. எனக்கு நேர்முகத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அண்ணை கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"கலியாணத்தைக் கண்ணால பாத்தால் மாப்பிளை ஆர், பொம்பிளை ஆர் எண்டு ஒருத்தரும் மறக்கமாட்டினம். வாற திங்கள் நல்ல நாள்."

நான் முதலில் சொன்னது அந்தத் திங்கட்கிழமையைத்தான். மணவறையை உண்மையாகவே பொருத்தி, மின்விளக்கும் போட்டிருந்தார். இடக்கரைப் போத்தலுக்குச் சரிகைக் கரை போட்ட சால்வை, தலையில் சின்னப்பிள்ளைகளின் கண்ணன் வேஷத்துக்கு வைத்திருந்த தலைப்பாகை. வலக்கரைப் போத்தலுக்குச் சிவப்புப் பட்டு. இரண்டுக்கும் பிளாஸ்ரிக் மல்லிகை மாலை. மரியா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

அண்ணை பேப்பரை விரித்து வாசித்தார். "செவ்வாய் தோஷம் ரெண்டு பேருக்கும் இல்லை. பொம்பிளைக்கு மட்டும் பனி தோஷம் இருக்கு. வசந்தத்தில முந்தித் துளிர்க்கிறபடியால் பனி கொட்டினால் கருகிப்போவா. மாப்பிளைக்கு மழை தோஷம். பிந்திப் பழுக்கிறபடியால் ஒக்டோபர் மழையில மாட்டுப்படுவார். ஒருத்தற்றை தோஷத்தை மற்றவர் தீர்க்கினம். இப்பிடி ஒரு பொருத்தத்தை என்ர சீவியத்தில நான் காணேல்லை!"

மஞ்சள் கயிற்றைத் தூக்கினார். "கெட்டிமேளம்" என்று என்னைப் பார்த்தார். நான் சிம்மாசனத்தின் கையில் தட்டத் தொடங்கினேன்.

"நிறுத்துங்க!"

தபால் ஐயா எழுந்து நின்றார். கையில் போன்.

"என்ன ஐயா, சீதனப் பிரச்சினையோ?"

"முறை தப்புய்யா! எம் மருமவன் ஒரு ரெவ்யூ, அதான் பத்திரிகை, அனுப்பியிருக்கான், பாருங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்து அப்பா அம்மா யாருன்னு சொல்ற மாரி திராட்சைக்கும் பாத்துட்டானுங்க. கபெர்னே சோவிஞ்ஞோனுக்கு அம்மா சோவிஞ்ஞோன் பிளான். வெள்ளைத் திராட்சை. அப்பா கபெர்னே ஃபிரான்."

"பெரிய மனுசர்தானே. நல்ல இடம்."

"மெர்லோவுக்கும் அப்பா அவருதான்."

நான் தட்டுவதை நிறுத்தினேன். மணவறை விளக்கு மட்டும் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிந்தது. அண்ணை மெதுவாக யானையின் காலடியில் குந்தினார்.

"தாய்?"

"அம்மா வேற. ஏதோ ஒரு பழைய வகை. அது யாருன்னே ரொம்ப காலம் யாருக்கும் தெரியாம இருந்துருக்கு."

"தாய் ஆரெண்டு தெரியாமல், தகப்பனையும் விசாரியாமல், சபையில வைச்சு நான் கயிறு எடுத்திட்டன்."

"அண்ணை, அது திராட்சைதானே" என்றார் மரியா அக்கா.

"திராட்சை எண்டால் முறை இல்லையோ, பிள்ளை?"

மாலைகளைக் கழற்றினார். தலைப்பாகையைக் கழற்றினார். வரும்போது ஒரே பையில் கொண்டுவந்த போத்தல்களை, போகும்போது வேறு வேறு பைகளில் கொண்டுபோனார்.

அதோடு ஆளைக் காணவில்லை. போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் வழக்கமாகத் தேநீர் குடிக்கிற கடையில் கேட்டேன், தெரியாது என்றார்கள். எனக்கு இருந்த ஒரே படிப்பு அந்த மணவறையில் கவிழ்ந்துபோனது. அவர்கள் போர்தோவைப் பற்றிக் கேட்டால் நான் கலியாணம் என்று சொல்வதா, சகோதரம் என்று சொல்வதா? தப்பாகச் சொன்னால் முறைகேடான ஆள் என்று எழுதிவிடுவார்களோ? இரவில் எழுந்து இருந்தேன்.

"என்னப்பா, உங்களிட்டைத் திராட்சையைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம். படுங்கோ" என்றாள் மனைவி.

"மகாவலியைப் பற்றியும் ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே. நான் சொன்னனான்."

நேர்முகத்தன்று காலை, நாங்கள் இருக்கிற திரான்சியிலிருந்து நேரத்தோடு வெளிக்கிட்டு, நேர்முகம் நடக்கிற பிரெபெக்ச்சூர் என்ற அரசாங்க அலுவலக வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அங்கே கபிலநிறக் கோட்டு நின்றது. முகம் மழிக்கவில்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"தம்பி, கெதியாக் கேளும். கலியாணம் எண்டு வாய் தவறியும் சொல்லிப்போடாதையும். நான் உமக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்."

தான் பேசிய சம்பந்தம் ஒன்றைப் பிழை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. விவாகரத்தான இடங்களில்கூட "பொருத்தம் சரி, ஆக்கள்தான் பிழை" என்பவர்.

"அப்ப என்னெண்டு சொல்ல, அண்ணை?"

"ஒரு கிழமையா அதைத்தான் யோசிச்சனான். மழை பெய்து பெடியன் பழுக்காத வருசம் அவள் போத்தலை நிரப்பிறாள். பனி கொட்டி அவள் கருகின வருசம் அவன் தாங்கிறான். புருசன் பெண்சாதி எண்டால் அதுக்கு முதல் எத்தினை கதை கதைப்பினம்! இது கேளாமல் செய்யிறது. சகோதரம். அப்பிடிச் சொல்லும். இப்ப போம். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிப்போட்டுப் போம்."

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என் விண்ணப்பக் கோவையைப் பக்கம் பக்கமாகத் தட்டினார். நதிக் கேள்வி வந்தது.

"கரோன், மேடம். தொர்தோன் வந்து சேரும். பிறகு ஜிரோந்து. இது இடக்கரை, இது வலக்கரை." கையை விரித்துக் காட்டினேன். "அத்திலாந்திக் கடல் அந்த அலுமாரிப் பக்கம்."

அவர் திரும்பி அலுமாரியைப் பார்த்தார். "பாரிசுக்குள்ளேயே ஒரு நதி ஓடுகிறதே, தெரியுமா?"

"சேன், மேடம். ஆனால் அதன் குடும்பத்தை எனக்கு அவ்வளவாகத் தெரியாது."

சரித்திரத்தில் ஒருவரைப் பற்றிக் கேட்டார். சீமாட்டியையும் சீதனத்தையும் சொன்னேன். அந்தத் தரகனைப் பற்றியும் சொல்லத் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்: "சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்கிறோம். அதில் சகோதரத்துவம் என்றால் உங்களுக்கு என்ன?"

வீட்டில் பாடமாக்கி வைத்திருந்த பதில் அந்த இடத்திலேயே காணாமல் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டுகிற சின்னவள் ஞாபகம் வந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரே தகப்பன், தாய் வேறு, ஒருவர் சரளைக் கல்லில், ஒருவர் களிமண்ணில், மழை வருடம், பனி வருடம், ஒரே போத்தல். என்னுடைய பிரெஞ்சில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "போர்தோவுக்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை, மேடம்."

"வைன் குடிப்பீர்களா?"

"பிரஷர் இருக்கிறது, மேடம்."

"நான் பூர்கோன்காரி. எங்கள் ஊரில் ஒரு போத்தலுக்கு ஒரே ஒரு திராட்சைதான். சிவப்பென்றால் பினோ நுவார், வெள்ளையென்றால் ஷார்தொனே. நாங்கள் எதையும் எதோடும் கலக்கிறதில்லை."

வைனிலும் இப்படி ஊர்ப் பிரச்சினை உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? முழு பிரான்சிலும் நான் படித்தது ஒரே ஒரு ஊரை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது மற்ற ஊர். அவர் குனிந்து நெடுநேரம் எழுதினார். தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன், நேராகவே எனக்கு வாசிக்க வராத கையெழுத்து.

வெளியே வந்தால் அண்ணை அதே இடத்தில் நின்றார். நடந்ததைச் சொன்னேன். பூர்கோன் என்றதும் முகம் வாடிவிட்டது. எனக்காக என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு திராட்சையோ? தனியவோ?"

"ஓம், அண்ணை."

"பினோ ஒரு பக்கம், ஷார்தொனே ஒரு பக்கம், ஒரே ஊரில ரெண்டும் தனியத் தனிய. பேசிச் செய்துவைக்க ஒருத்தரும் இல்லையோ?" கை தானாகவே கோட்டுப் பைக்குள் பேப்பர் தேடியது.

"அண்ணை, முதல்ல தபால் ஐயாவைக் கேளுங்கோ."

கேட்டார். பினோதான் ஷார்தொனேயைப் பெற்றதாம். அதற்குப் பிறகு பூர்கோன் என்ற சொல்லையே அவர் எடுத்ததில்லை.

மரியா அக்காவிடம் அவருடைய நேர்முகத்தில் திராட்சையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார்களாம், சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்தாராம். எனக்குக் கடிதம் வர மாதக்கணக்காகியது. வந்ததும் உடைக்காமல் சாமிப்படத்தின் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் மனைவி கடிதத்தை உடைத்துக் கையில் பிடித்தபடி கடைக்கே வந்து, வெண்டைக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். என்னை விடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், சிரித்துக்கொண்டே அழுகிறாள்.

பிரஜாவுரிமை கொடுக்கிற விழாவுக்குப் பொருத்தம் அண்ணையையும் கூப்பிட்டேன். கோட்டைக் காணவில்லை. பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு. பைகள் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வாசலில் இளம் அலுவலர் ஒருவர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, இடம் போதாது, குடும்பத்தவர் மட்டும்தான் என்றார். மனைவியும் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். அண்ணை தானாகவே சுவரோரம் ஒதுங்கினார்.

"நீர் போம் காணும். நான் இதில நிக்கிறன். தாலி கட்டிற நேரத்தில தரகனுக்கு உள்ளுக்கு என்ன வேலை? சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காணும்."

அந்த அலுவலர் வேட்டியையும் சந்தனப் பொட்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இவரும் உங்கள் குடும்பமா?" என்று கேட்டார்.

இந்த மாதிரி இடங்களில் எனக்கு முதலில் தொண்டை அடைக்கும். அன்றைக்கு அடைக்கவில்லை. "ஓம்" என்றேன். பிரெஞ்சில் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஞாபகத்துக்கு வருவதற்குள் அவர் கதவை விட்டு விலகி நின்றார்.